ரீசன்ட் ஃபைல்ஸை மறைக்க நாலு வழி: யாருக்கு எது போதும்?

ராஜினாமா கடிதத்தின் வரைவு, ஸ்கேன் சென்டர் அனுப்பிய பிடிஎஃப், வீட்டில் இன்னும் சொல்லாத நகைக்கடன் கணக்கு. இவற்றை யாரும் திறந்து படிக்கவே வேண்டாம். ஃபைலின் பெயர் கண்ணில் பட்டாலே விஷயம் வெளியே வந்துவிடும். விண்டோஸ் 11-ல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தால், சமீபத்தில் திறந்தவற்றைக் காட்டும் ‘ரீசன்ட்’ பட்டியலில் அந்தப் பெயர்கள் வரிசையாக நிற்கும். ஸ்டார்ட் மெனுவிலும் வரும். டாஸ்க்பாரில் இருக்கும் வேர்டை ரைட் கிளிக் செய்தால் அங்கேயும் வரும். ஜூமில் ஸ்கிரீனைப் பகிரும்போது ஒரு நொடி தெரிந்தால் போதும்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் வழிகள் நாலு: அவ்வப்போது பட்டியலைத் துடைப்பது, செட்டிங்ஸில் நிறுத்திவைப்பது, கிளீனர் மென்பொருள் போடுவது, ஆளுக்கொரு யூசர் அக்கவுன்ட் வைப்பது. யாரிடமிருந்து மறைக்கிறீர்கள் என்று தெரியாமல் இவற்றில் எது நல்லது என்று சொல்ல முடியாது. மீட்டிங்கில் எதிரே இருப்பவரிடமிருந்தா, ஒரே கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் தம்பியிடமிருந்தா, சர்வீஸ் கடைக்காரரிடமிருந்தா?

துடைப்பது எல்லாவற்றிலும் சுலபம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் மூன்று புள்ளி மெனுவில் ஆப்ஷன்ஸைத் திறந்தால், ஜெனரல் பக்கத்தின் அடியில் ‘பிரைவசி’ என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே உள்ள ‘கிளியர்’ பட்டனை அழுத்தினால் எக்ஸ்ப்ளோரரின் பட்டியல் காலியாகிவிடும். அடுத்த ஃபைலைத் திறந்ததும் பட்டியல் மறுபடி வளர ஆரம்பிக்கும். மீட்டிங்குக்கு ஐந்து நிமிடம் முன்னால் செய்துகொள்ள இது சரி. தினசரிப் பழக்கமாக வைத்துக்கொண்டால் என்றைக்கு மறக்கிறீர்களோ அன்றைக்கு மாட்டுவீர்கள். தவிர, கூட ஒருவர் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் பட்டியல் எப்போது பார்த்தாலும் காலியாக இருந்தால், ‘என்னத்தை அழிக்கிறான்?’ என்ற கேள்வி தானாக வரும். ஒரே ஒரு பெயரை மட்டும் எடுக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரைட் கிளிக் செய்து பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லலாம். அவசரத்தில் டெலிட்டை அழுத்தினால் பட்டியலில் உள்ள பெயர் மட்டுமல்ல, அசல் ஃபைலே ரீசைக்கிள் பின்னுக்குப் போய்விடும்.

அதே பிரைவசி பகுதியில், சமீபத்தில் பயன்படுத்திய ஃபைல்களைக் காட்டுவதற்கான டிக் ஒன்றும் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். அது எக்ஸ்ப்ளோரரின் பார்வையிலிருந்து மறைக்கிறதே தவிர, பதிவதை நிறுத்துவதில்லை. சந்தேகம் இருந்தால் விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் ரன் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘ரீசன்ட்’ என்று அடித்துப் பாருங்கள். நீங்கள் திறந்த ஃபைல்களுக்கான ஷார்ட்கட்கள் தேதியோடு ஒரு ஃபோல்டரில் குவிந்திருக்கும்.

அதைவிட உருப்படியான ஸ்விட்ச் வேறு இடத்தில் இருக்கிறது. செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், அதற்குள் ஸ்டார்ட். ஸ்டார்ட் மெனு, ஃபைல் எக்ஸ்ப்ளோரர், டாஸ்க்பாரின் ஜம்ப் லிஸ்ட் (ஐகானை ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியல்) மூன்றையும் சேர்த்து ஆள்கிற ஸ்விட்ச் அது. அணைத்ததும் பழைய பட்டியலும் போய்விடும். நீங்களாக ‘பின்’ செய்து, அதாவது நிலையாகக் குத்தி வைத்தவை மட்டும் தங்கும். லேப்டாப் உங்களுடையது, வேறு யாரும் தொடுவதில்லை, ஸ்கிரீன் ஷேரில் மானம் போகக் கூடாது என்பதுதான் கவலை என்றால், விண்டோஸின் பட்டியல்களைப் பொறுத்தவரை இந்த ஒன்றே போதும். இழப்பும் உண்டு. நேற்று பாதியில் விட்ட எக்செல் ஷீட்டை டாஸ்க்பாரிலிருந்து ஒரே கிளிக்கில் எடுக்கும் சௌகரியம் போய்விடும். நாளுக்கு முப்பது ஃபைல் திறந்து மூடுகிற கணக்காளருக்கு இது சின்ன விஷயமில்லை.

விண்டோஸ் புரோ வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி போய், விண்டோஸின் விதிகளை மாற்றும் குரூப் பாலிசி எடிட்டரில், திறந்த ஆவணங்களின் வரலாற்றையே வைத்துக்கொள்ளாதே என்று கட்டளையிடலாம். ஹோம் பதிப்பில் அந்த எடிட்டர் கிடையாது.

ஆனால் விண்டோஸின் பட்டியலை மூடினாலும் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. வேர்ட், எக்செலைத் திறந்த முதல் பக்கத்திலேயே ரீசன்ட் இருக்கும். ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு, அதில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய்ச் சமீபத்திய ஆவணங்களின் எண்ணிக்கையை 0 ஆக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் லாகின் செய்து ஃபைலை ஒன்டிரைவில் வைத்திருந்தால், அதே அக்கவுன்ட் உள்ள இன்னொரு கம்ப்யூட்டரிலும் அந்தப் பெயர் தலைகாட்டும். விஎல்சியில் பிரிஃபரன்சஸுக்குள் போய், பார்த்த வீடியோக்களைச் சேமிக்கும் டிக்கை எடுக்க வேண்டும். விண்டோஸ் 11-ன் நோட்பேட் ஒரு படி மேல்: முந்தைய டேப்களை, சேவ் செய்யாத எழுத்தோடு சேர்த்து, அடுத்த முறை அப்படியே விரித்துக் காட்டும். அதன் செட்டிங்ஸில் புது விண்டோவோடு தொடங்கும்படி மாற்றலாம். ஸ்டார்ட் மெனுவின் தேடல் பெட்டி இன்னொரு ஓட்டை. அதற்கும் ரீசன்ட் பட்டியலுக்கும் சம்பந்தமே இல்லை. ‘ரா’ என்று அடித்ததும் ‘ராஜினாமா’ வந்து நிற்கும். தேடல் செட்டிங்ஸில் அந்த ஃபோல்டரை விலக்கி வைத்தால்தான் அடங்கும்.

இத்தனை இடம் அலைவதற்குப் பதில் ஒரே கிளிக்கில் எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறேன் என்று வருபவை கிளீனர்கள். 2017-ல் சிசிகிளீனருக்கு நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. அதன் 5.33 பதிப்பில் ஹேக்கர்கள் தீங்கான நிரலை நுழைத்துவிட, அதிகாரப்பூர்வ தளத்திலிருந்தே அது இறங்கி 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தரங்கத்தைக் காக்க, கம்ப்யூட்டரின் மூலைமுடுக்கெல்லாம் நுழைய ஒரு வெளியாளுக்கு அனுமதி கொடுக்கிறோம் என்ற முரண் இதில் எப்போதும் உண்டு. போட்டே ஆகவேண்டும் என்றால், நிரல் வெளிப்படையாகக் கிடைக்கும் பிளீச்பிட் மேல். அதிலும் டிக் பெட்டிகளைப் படிக்காமல் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தால் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் போய்விடலாம். என் கணக்கில் சாதாரண வீட்டு உபயோகத்துக்குக் கிளீனர் தேவையில்லை.

நாலாவது வழிக்குத்தான் நம் வீடுகளில் மரியாதை குறைவு. ஹாலில் ஒரு கம்ப்யூட்டர், அதில் ஒரே அக்கவுன்ட், பாஸ்வேர்ட் ஏழாம் வகுப்புப் பையன் வரை தெரியும். இப்படி இருக்கும்வரை மேலே சொன்ன எதுவும் முழுசாக உதவாது. ஆளுக்கொரு அக்கவுன்ட் போட்டுவிட்டால் ரீசன்ட் பட்டியல், வேர்டின் பட்டியல், விஎல்சியின் பட்டியல், பிரவுசர் ஹிஸ்டரி எல்லாம் தன்னால் பிரிந்துவிடும். எந்த வசதியையும் அணைக்க வேண்டாம். பட்டியல் உங்களுக்கு மட்டும் தெரியும்படி நிறைந்தே இருக்கலாம். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் இல்லாமலே புது யூசரைச் சேர்க்கலாம். பத்து நிமிட வேலை. ‘ஏன்டா தனியா வெச்சுக்கற?’ என்று அம்மா ஒரு நாள் கேட்பார். தம்பியின் கேம் ஐகான்கள் டெஸ்க்டாப்பை அடைக்கின்றன என்று சொன்னால் நம்புவார், அது உண்மையும்கூட.

இதில் கோட்டைவிடும் இடங்கள் இரண்டு. முதலாவது, அட்மின் உரிமை. அட்மின் அக்கவுன்ட் வைத்திருப்பவர் அடுத்தவரின் ஃபோல்டரை ‘கன்டினியூ’ என்று ஒரு முறை அழுத்தித் திறந்துவிட முடியும். ஆகவே மற்றவர்களின் அக்கவுன்ட், அந்த உரிமை இல்லாத ஸ்டாண்டர்டு வகையாக இருக்க வேண்டும். இரண்டாவது, நம்மூர் டி டிரைவ். ‘சி டிரைவ் ஃபுல் ஆகிடும்’ என்று எல்லாவற்றையும் டி-யிலும் ஈ-யிலும் கொட்டுவது நமக்குப் பழக்கம். அந்த டிரைவ்களில் தனியாக அனுமதி எதுவும் அமைக்காவிட்டால், அந்த கம்ப்யூட்டரில் லாகின் செய்யும் எல்லோரும் திறந்து பார்க்கலாம். அந்தரங்க ஃபைல் இருக்க வேண்டிய இடம் உங்கள் அக்கவுன்டின் டாக்குமென்ட்ஸ்தான்.

மேக், லினக்ஸ்காரர்களுக்குச் சுருக்கமாக. மேக்கில் ஆப்பிள் மெனுவின் ரீசன்ட் ஐட்டம்ஸைத் துடைத்தாலும், ஃபைண்டரில் உள்ள ரீசன்ட்ஸ் போகாது. அது ஸ்பாட்லைட் தேடலை வைத்து உருவாகும் பட்டியல். மறைக்க வேண்டிய ஃபோல்டரை ஸ்பாட்லைட்டின் பிரைவசி பட்டியலில் சேர்த்தால் அதிலிருந்தும் மறையும். உபுன்டு போன்ற க்னோம் டெஸ்க்டாப்பில் பிரைவசி செட்டிங்ஸிலேயே ஃபைல் ஹிஸ்டரிக்கு ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. லினக்ஸின் இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஈ இன்னும் நயமாக, எந்தெந்த மென்பொருளுக்கு நினைவு வைக்கலாம் என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க விடுகிறது.

மிச்சம் இருப்பவர் சர்வீஸ் கடைக்காரர். அவருக்கு எதிராக இந்த நாலுமே பலவீனம்தான். டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினால் யூசர் அக்கவுன்ட் பாஸ்வேர்ட் குறுக்கே நிற்காது. விவரம் தெரிந்தவர், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியைத் தோண்டினால், அழித்த பட்டியலின் தடயங்களும் கிடைக்கக்கூடும். இங்கே வேண்டியது என்கிரிப்ஷன், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்க்கைப் பூட்டுவது: புரோ பதிப்பில் பிட்லாக்கர், ஹோம் பதிப்பு உள்ள பல புது லேப்டாப்களில் டிவைஸ் என்கிரிப்ஷன். அந்தப் பூட்டை அவசரத்துக்குத் திறக்கும் ரெக்கவரி கீயை அதே லேப்டாப்பில் சேமிக்காமல் தாளில் எழுதி வையுங்கள். கீபோர்டு மாற்றக் கொடுக்கும்போது பாஸ்வேர்ட் கேட்டால், சோதித்துப் பார்ப்பதற்கென்று ஒரு ஸ்டாண்டர்டு அக்கவுன்ட் போட்டு அதைக் கொடுங்கள். கீபோர்டு வேலை செய்கிறதா என்று பார்க்க அதுவே தாராளம்.