பள்ளி மாணவரின் ஆய்வுக் கட்டுரை: எங்கே அனுப்பலாம்?

ஆய்வை முடித்த பள்ளி மாணவர் அதை வெளியிட இன்று நான்கு வழிகள் இருக்கின்றன: மாணவர்களுக்கென்றே நடக்கும் ஆய்விதழ், வழக்கமான ஆய்விதழ், நிபுணர்கள் சரிபார்க்கும் முன்பே கட்டுரையைப் போடக்கூடிய ப்ரீபிரிண்ட் தளம், பணம் கட்டினால் எதையும் போட்டுவிடும் இதழ். எதில் சீக்கிரம் வரும், எதற்குப் பெயர் அதிகம் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். கட்டுரையை அங்கே யார் படிப்பார்கள், படித்துவிட்டு என்ன கேட்பார்கள் என்று பார்க்கச் சொல்வேன் நான்.

அப்படிப் பார்த்தால் முதல் முயற்சிக்கு மாணவர் இதழ்தான் என் தேர்வு. ஜர்னல் ஆஃப் எமர்ஜிங் இன்வெஸ்டிகேட்டர்ஸ் என்ற இதழை 2011இல் ஹார்வர்ட் ஆராய்ச்சி மாணவர்கள் தொடங்கினார்கள். பள்ளி மாணவர்களின் அறிவியல் ஆய்வுகளுக்கான இதழ் அது. ஒரு கருதுகோளை வைத்துச் சோதித்திருக்க வேண்டும். ஆசிரியரோ வழிகாட்டியோ கூட இருக்க வேண்டும். மனிதர்களையோ முதுகெலும்புள்ள விலங்குகளையோ வைத்து ஆய்வு செய்தால் தொடங்கும் முன்பே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். வகுப்புத் தோழர்களின் தூக்கப் பழக்கத்தைக் கேட்டு ஒரு கூகுள் படிவம் அனுப்புவதற்கும் இதே கதைதான். முடித்த பிறகு போய் ஒப்புதல் கேட்க முடியாது. நல்ல ஆய்வுகூட இந்த இடத்தில் நின்றுபோகும்.

கட்டுரையைப் படித்துப் பார்க்கும் நிபுணர்களின் மதிப்பாய்வுக் கடிதம் எப்படி இருக்கும்? உப்புத் தண்ணீரில் விதை முளைப்பதைப் பற்றி எழுதியிருந்தால் கேள்விகள் இந்த ரீதியில் வரும்: ஒவ்வொரு செறிவிலும் எத்தனை விதைகள்? சோதனையைத் திரும்பச் செய்தீர்களா? உப்பு முளைப்பைத் தடுக்கிறதா, தாமதப்படுத்த மட்டும் செய்கிறதா? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல மறுபடி விதைகளை ஊறவைக்க வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் ஆகும். ஆனால் ஆய்வு என்றால் என்னவென்று மாணவருக்குப் பிடிபடுவது அந்த மாதங்களில்தான்.

வரலாற்றுக் கட்டுரை என்றால் 1987இல் தொடங்கிய தி கான்கார்ட் ரிவ்யூ என்ற மாணவர் இதழ் இருக்கிறது. நீளமான, மேற்கோள் குறிப்புகள் நிறைந்த கட்டுரைகளை எதிர்பார்ப்பார்கள்.

வழக்கமான ஆய்விதழ் பள்ளி மாணவர் என்று சலுகை காட்டாது. அதற்காகத் தள்ளிவிடவும் செய்யாது. தொடாமலே உடலின் ஆற்றலைக் கையால் உணர்வதாகச் சொன்ன சிகிச்சையாளர்களை எமிலி ரோசா என்ற சிறுமி சோதித்தார். அட்டைத் தடுப்பின் ஓட்டைகள் வழியாக அவர்கள் இரு கைகளையும் நீட்டினார்கள். அதில் ஒன்றின் மேல் எமிலி தன் கையைத் தொடாமல் பிடித்து, எந்தக் கை என்று கேட்டார். 21 பேர், 280 முறை; சரியாகச் சொன்னது 44 சதவீதம். நாணயத்தைச் சுண்டியே பாதி தேற்றியிருக்கலாம். 1998இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் அது வெளியானபோது எமிலிக்கு வயது 11. ஆய்வகம் எதுவும் தேவைப்படவில்லை, கேள்வி அவ்வளவு கூர்மை. ஆனால் கட்டுரையை எழுதியவர்களில் பெரியவர்கள் மூவர் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

காலமும் பிடிக்கும். நியூ ஆர்லியன்ஸ் பள்ளி மாணவிகள் நெக்கியா ஜாக்சன், கால்சியா ஜான்சன் இருவரும் பிதாகரஸ் தேற்றத்துக்கான திரிகோணமிதி நிரூபணத்தை 2023 மார்ச்சில் ஒரு கணித மாநாட்டில் முன்வைத்தார்கள். அமெரிக்கன் மேத்தமேட்டிகல் மந்த்லியில் கட்டுரை வந்தது 2024 அக்டோபரில். அதற்குள் இருவரும் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். கல்லூரி விண்ணப்பத்துக்குள் கட்டுரை வந்துவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த இடைவெளியைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரத்துக்கு ப்ரீபிரிண்ட் உதவும். 1991இல் தொடங்கிய ஆர்க்கைவ் தளத்தில் கட்டணம் கிடையாது. முதல்முறை போடுபவருக்கு அந்தத் துறையில் இருப்பவரின் பரிந்துரை வேண்டும். மேலோட்டமாகச் சரிபார்ப்பார்களே தவிர முறையான மதிப்பாய்வு இல்லை. கணிதத்துக்கு இது நன்றாகவே பொருந்தும், ஏனென்றால் விவரம் தெரிந்தவர் நிரூபணத்தைப் படித்தே சரிபார்த்துவிடலாம். பள்ளியில் படிக்கும்போதே கார்மைக்கேல் எண்களைப் (பகா எண்கள் போலத் தோற்றம் காட்டும் பகு எண்கள்) பற்றி டேனியல் லார்சன் எழுதிய நிரூபணம் 2021இல் இங்கேதான் முதலில் வந்தது, ஆய்விதழில் பிறகு வந்தது. சோதனை அறிவியலில் நான் இவ்வளவு தைரியமாகச் சொல்ல மாட்டேன். போட்ட கட்டுரையைத் திரும்பப் பெற்றாலும் பழைய பதிப்பு அங்கேயே இருக்கும்.

அப்புறம் நான்காவது வழி. கட்டணம் வாங்குவதே தப்பு என்று சொல்லவில்லை. மதிப்புள்ள இதழ்களும் வாங்குகின்றன. படிக்காமலே ஏற்பதுதான் கோளாறு. 2013இல் சயன்ஸ் இதழுக்காக ஜான் போஹானன் என்ற அறிவியல் செய்தியாளர், வேண்டுமென்றே தவறுகள் வைத்த ஒரு போலிக் கட்டுரையை 304 திறந்தநிலை இதழ்களுக்கு (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடியவை) அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. சில நாட்களில் ஏற்பு உறுதி என்று மின்னஞ்சல் வந்தால் பதிலே போடாதீர்கள். ஓர் இதழில் வெளியான கட்டுரையை வேறு ஆய்விதழ் எடுத்துக்கொள்ளாது. அவசரத்தில் அங்கே போட்ட நல்ல ஆய்வும் அங்கேயே முடங்கிவிடும்.