போர்ட்டோவில் எளிய விடுதி தேடுவோர் கவனத்திற்கு: ஜன்னல் இல்லாத அறையும் கிடைக்காத ரசீதும்

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்துக்குச் செல்லத் திட்டமிட்டு, அதன் பழைய நகரப் பகுதியில் குறைந்த வாடகைக்கு அறை தேடிக்கொண்டிருப்பவர்கள் யாருக்கும் முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். 2025 ஜனவரியில் நானும் என் அம்மாவும் அங்கே ஏமாற்றப்பட்டோம். போன பணத்தைவிட எனக்கு ஆறாமல் இருப்பது வேறொன்று. ஆஸ்துமா உள்ள எழுபது வயது அம்மாவை, காற்று வர வழியே இல்லாத அறையில், கேஸ் கீசருக்கு ஆறடி தூரத்தில், ஓர் இரவு முழுவதும் படுக்க வைக்க நேர்ந்தது. புகார் இன்னும் விசாரணையில் இருப்பதால் விடுதியின் பெயரை எழுதவில்லை. பெயரை எழுதினாலும் பெரிய பயன் இருக்காது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். அம்மா கும்பகோணத்திலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருந்தார். அவருக்காகத்தான் போர்ட்டோ பயணம். முன்பதிவுத் தளம் ஒன்றில், பேராலயத்துக்கும் ரிபெய்ரா ஆற்றங்கரைக்கும் இடைப்பட்ட சந்து ஒன்றில் இருந்த எளிய விடுதியை, இரவுக்கு 55 யூரோ வீதம் நான்கு இரவுகளுக்குப் பதிவு செய்தேன். முதல் மாடி, தெருவைப் பார்த்த ஜன்னல், அறையிலேயே ஹீட்டர் என்று விளம்பரத்தில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். அம்மாவால் அதிகம் படியேற முடியாது, காற்றோட்டம் கட்டாயம் வேண்டும் என்று தனியாகவும் எழுதிக் கேட்டேன். கவலைப்பட வேண்டாம் என்று பத்தே நிமிடத்தில் பதில் வந்தது.

பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. தளம் பெரிய கமிஷன் பிடிக்கிறது, அந்தப் பதிவை நீங்களே ரத்து செய்துவிட்டு எங்களுக்கு நேரடியாகப் பாதிப் பணத்தை அனுப்பினால் பத்து சதவீதம் குறைத்து அதே அறையைத் தருகிறோம் என்றார்கள். சிறு விடுதிக்காரருக்கு நான்கு காசு கூடக் கிடைக்கட்டுமே என்று நானும் நினைத்தேன். 220 யூரோ 198 ஆயிற்று; அதில் 99 யூரோவை வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். இதுதான் நான் செய்த தவறு, இதை மறைக்க விரும்பவில்லை. பதிவை நானே ரத்து செய்த கணத்தில் அந்த விளம்பரத்துக்கும் எனக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோனது. அறை சொன்னபடி இல்லை என்றால் தளத்திடம் முறையிடும் உரிமை போயிற்று. கார்டில் செலுத்தியிருந்தால் வங்கி மூலம் அந்தத் தொகையை எதிர்த்துக் கேட்டிருக்கலாம். ஐரோப்பாவுக்குள் கணக்கிலிருந்து கணக்குக்குப் போன பணமோ, பெற்றவர் சம்மதிக்காமல் திரும்பி வராது. விசா விண்ணப்பத்துக்காகத் தங்குமிடச் சான்று காட்டிவிட்டுப் பயணம் வருபவர்கள் இப்படி ரத்து செய்வது இன்னும் ஆபத்தானது. எல்லையில் கேட்டால் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது.

விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் திரிந்தாட் வந்து, அங்கே மஞ்சள் தடத்துக்கு மாறி, சாவோ பென்டோவில் இறங்கியபோது இரவு ஒன்பது மணி தாண்டிவிட்டது. போர்ட்டோவுக்குக் குளிர்காலம்தான் மழைக்காலம். அன்றும் விடாத மழை. அந்தப் பகுதியின் சந்துகள் எல்லாம் கருங்கல் பாவிய செங்குத்துச் சரிவுகள், மழையில் வழுக்கும். அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு, சாவி இருப்பதாகச் சொல்லப்பட்ட சிறிய காப்பிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே இருந்த இளைஞன் முதலில் பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு காலையில் தருவதாகச் சொன்னான். வெளிநாட்டு விருந்தினரின் விவரங்களை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை அங்குள்ள விடுதிகளுக்கு உண்டு என்பதால் பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்வது நியாயமே. அதற்கு விவரங்களைக் குறித்துக்கொண்டால் போதும், இரவு முழுவதும் வைத்துக்கொள்ள எந்தத் தேவையும் இல்லை. நான் பிடிவாதமாக நின்ற பிறகு படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தான்.

பிறகு 179 யூரோவை ரொக்கமாகக் கேட்டான். கார்டு இயந்திரம் வேலை செய்யவில்லை என்றான். மீதி வாடகை 99, நகராட்சியின் சுற்றுலா வரி 40, ஹீட்டர் கட்டணம் 40. வரி ஒருவருக்கு இரவுக்கு 5 யூரோ என்று கணக்குச் சொன்னான். போர்ட்டோவில் அந்த வரி 2024 டிசம்பர் முதல் தேதியிலிருந்து 3 யூரோ. அதற்கு முன் 2 யூரோவாக இருந்தது. பதின்மூன்று வயது நிரம்பியவர்களுக்கு மட்டும், தொடர்ந்து ஏழு இரவுகள் வரைக்கும்தான் வசூலிக்கப்படும். அந்தக் கணக்குப்படி எங்கள் இருவருக்கும் நான்கு இரவுக்கு 24 யூரோதான் வர வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு இது தெரியாது; அம்மா நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார்; எண்ணிக் கொடுத்துவிட்டேன். ரசீது கேட்டதற்கு நாளை மின்னஞ்சலில் வரும் என்றான். அது இன்றுவரை வரவில்லை.

பணம் கைமாறிய பிறகுதான் உண்மை வெளிவந்தது. முதல் மாடி அறையில் நீர் கசிகிறதாம். அடுத்த சந்தில் இருக்கும் 'இணைப்புக் கட்டடத்தில்' அதைவிட நல்ல அறை தருகிறார்களாம். அந்த நல்ல அறை நான்காவது மாடியில் இருந்தது. லிப்ட் கிடையாது. போர்ட்டோவின் பழைய வீடுகளை வெளியிலிருந்து பார்த்தால் முகப்பு சில மீட்டர் அகலமே இருக்கும். ஆனால் உள்ளே நீண்டுகொண்டே போகும். இரு பக்கமும் வீடுகள் ஒட்டியிருப்பதால் முன்புறத்து அறைகளுக்கும் பின்புறத்து அறைகளுக்கும் மட்டுமே ஜன்னல் அமையும். நடுவில் மாடிப்படி, அதற்கு வெளிச்சம் கூரையில் பதித்த கண்ணாடி வழியாகத்தான் இறங்கும். அந்தப் படிக்கட்டை ஒட்டிய நடு அறைகளைத்தான் இப்போது தட்டி வைத்துப் பிரித்து வாடகைக்கு விடுகிறார்கள். விளம்பரங்களில் 'குவார்ட்டோ இன்டீரியோர்', அதாவது உள்ளறை, என்று எழுதியிருந்தால் ஜன்னல் இல்லை என்று பொருள். எங்களுக்கு அதையும் யாரும் எழுதவில்லை.

அம்மா அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஜன்னல் எங்கப்பா?" என்று கேட்டார். அந்த இளைஞன் சட்டென நிமிர்ந்து பார்த்தான். ஜன்னல் என்பது நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் போர்ச்சுகீசியர்கள் நம் கரைக்கு வந்தபோது விட்டுச்சென்ற சொல். அவர்கள் 'ஜனேலா' என்கிறார்கள். சாவி, மேசை, அலமாரி, துவாலை என்று ஒரு விடுதி அறைக்குள் நாம் பெயர் சொல்லும் பல பொருள்களும் அப்படி வந்தவையே. அம்மா கேட்டது அவனுக்கு மொழிபெயர்ப்பில்லாமலே புரிந்துவிட்டது. பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனான். கூலிக்கு வேலை செய்யும் பையன். அவன் மீது எனக்குக் கோபம் இல்லை.

கட்டிலுக்குப் பின்னால் சுவரில் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். ஹீட்டர் போட்ட அரை மணி நேரத்தில் அந்த வெள்ளைக்கு அடியிலிருந்து பூஞ்சையின் கரும்புள்ளிகளும் ஈர வாடையும் கிளம்பின. ஹீட்டரோடு கெட்டிலையும் போட்டால் மின்சாரம் துண்டித்துக்கொண்டது. அந்நாட்டின் பல வீடுகளில் 3.45 கேவிஏ போலக் குறைந்த அளவுக்கே மின் ஒப்பந்தம் எடுத்திருப்பார்கள். இரண்டு பெரிய சாதனங்கள் ஒன்றாக ஓடினால் தாங்காது. ஆனால் நாற்பது யூரோ ஹீட்டர் கட்டணம் வாங்குகிறவர் அதைச் சொல்லியிருக்க வேண்டாமா? இவை எல்லாவற்றையும் பொறுத்திருப்பேன். குளியலறைக்கு முன்னால் இருந்த சிறு மூலையில் கேஸ் கீசரைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. அதன் புகைக்குழாய் தட்டிச் சுவரின் மேல் விளிம்போடு நின்றிருந்தது. வெளிக்காற்றுக்குப் போய்ச் சேரவில்லை. மூடிய இடத்தில் எரியும் கேஸ் கீசரிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிக்கப் போனவர்கள் அதனால் மயங்கி விழுந்து இறந்த செய்திகளை நம் ஊரிலும் படித்திருக்கிறோம். வால்வை மூடினேன். அறைக் கதவைத் திறந்துவைத்து, வாசலில் நாற்காலியைப் போட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு மூன்று முறை இன்ஹேலர் தேவைப்பட்டது.

காலையில் தொலைபேசியில் கிடைத்த உரிமையாளர், மீதி மூன்று இரவுக்கான பணத்தைத் திருப்பித் தர முடியாது என்றார். புகார்ப் புத்தகம் கேட்டேன். எல்லாம் இப்போது இணையத்தில்தான் என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தார். நான் அதையும் நம்பியிருப்பேன். பொல்யாவ் சந்தைப் பக்கம் இரவுக்கு 60 யூரோவுக்கு நாங்கள் மாறிப் போன விடுதியை நடத்திய அம்மையார்தான் கண்ணைத் திறந்துவிட்டார். நல்ல ஜன்னல் உள்ள அறையை அம்மாவுக்குக் கொடுத்து, சூப் வைத்துக் கொடுத்து, அதன் பிறகு தம் மேசையிலிருந்து சிவப்பு அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்துக் காட்டினார். அதுதான் 'லிவ்ரோ டி ரெக்லமசோயிஸ்', புகார்ப் புத்தகம். 2005ஆம் ஆண்டின் சட்டப்படி மக்களுக்குச் சேவை வழங்கும் நிறுவனங்கள் கேட்டவுடன் அதைத் தர வேண்டும். 2017 முதல் இணைய வடிவமும் உண்டு. தர மறுத்தால் காவல்துறையை அழைத்து அந்த மறுப்பைப் பதிவு செய்யச் சொல்லலாம். எழுதிய புகாரின் ஒரு படி நம் கையில் கிடைக்கும். மூலத்தைப் பதினைந்து வேலை நாள்களுக்குள் அவர்கள் கண்காணிப்பு அமைப்புக்கு அனுப்பியாக வேண்டும். விடுதிகளைப் பொறுத்தவரை அது உணவு மற்றும் பொருளாதாரப் பாதுகாப்புக்கான அசாய் என்னும் அரசு அமைப்பு.

அன்று மாலையே நான் சுற்றுலாக் காவல் நிலையத்துக்குப் போனேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்ட அதிகாரி ஒருவர் ஒரே ஒரு முறை தொலைபேசியில் பேசினார். இல்லவே இல்லை என்று சொல்லப்பட்ட புத்தகம் ஒரு மணி நேரத்தில் அதே காப்பிக் கடைக்கு வந்து சேர்ந்தது. நடந்ததைத் தேதி, தொகை, கேஸ் கீசரின் நிலை உட்பட ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன். நீங்கள் போய் நிற்க நேர்ந்தால், அந்தப் புத்தகத்தின் பெயரைப் போர்ச்சுகீசிய மொழியிலேயே சொல்லிக் கேளுங்கள். பெயரைச் சொன்னவுடன் எதிரில் இருப்பவரின் குரல் மாறுவதை நான் நேரில் பார்த்தேன்.

அந்த அம்மையார் சொல்லிக்கொடுத்த இன்னொன்றுதான் பயணத்துக்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது. இத்தகைய சிறு விடுதிகள் 'அலோஜமென்டோ லோக்கால்', அதாவது உள்ளூர்த் தங்குமிடம், என்ற பிரிவில் வருகின்றன. 2014இல் வந்த சட்டத்தின் கீழ் ஒவ்வொன்றுக்கும் பதிவு எண் உண்டு, விளம்பரத்தில் அந்த எண்ணைப் போட வேண்டும், வாசலில் ஏ.எல். என்று அடர்நீல எழுத்து பொறித்த கண்ணாடி போன்ற சதுரப் பலகை இருக்க வேண்டும். பழைய 'பென்சாவோ', 'ரெசிடென்சியால்' பலகைகள் இன்னும் சில வாசல்களில் தொங்கும். அவை இப்போது சட்டப்படியான வகைகள் அல்ல, அவற்றை நம்பி உள்ளே போகாதீர்கள். பதிவு எண்ணைத் தூரிஸ்மோ டி போர்ச்சுகல் என்ற அரசு அமைப்பின் பொதுப் பட்டியலில் யார் வேண்டுமானாலும் தேடலாம். முகவரியும் எத்தனை பேர் தங்கலாம் என்பதும் அதில் இருக்கும். எங்கள் விளம்பரத்தில் இருந்த எண்ணைத் தேடினேன். எண் உண்மையானதுதான், ஆனால் அது முதல் சந்தில் இருந்த கட்டடத்துக்கு உரியது. நாங்கள் தூங்கிய இணைப்புக் கட்டடம் அந்தப் பதிவில் இல்லை. அதன் வாசலில் பலகையும் இல்லை. உள்ளே தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, 112 என்ற அவசர எண் எழுதிய அட்டை எதுவும் இல்லை. பதிவு செய்த சிறு விடுதிகளில் இவை இருந்தாக வேண்டும். எண் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், அந்த எண்ணின் முகவரியும் நீங்கள் அழைத்துச் செல்லப்படும் வாசலும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறு வாசலுக்கு அழைத்தால் பணம் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள்.

மூன்று வாரம் கழித்து 56 யூரோ என் கணக்குக்கு வந்தது: வரியில் கூடுதலாக வாங்கிய 16, ஹீட்டர் கட்டணம் 40. விளக்கக் கடிதம் எதுவும் இல்லை. மீதிக் கணக்குப்படி ஒரே ஓர் இரவுக்கு 222 யூரோ கொடுத்திருக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடியிருப்பவன் என்பதால் ஜெர்மனியின் கேல் நகரில் உள்ள ஐரோப்பிய நுகர்வோர் மையத்தில் கட்டணமின்றிப் புகார் கொடுத்துள்ளேன்; இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேரடியாக வருபவர்களுக்கு அந்த வழி கிடையாது. ஆகவே அவர்கள் புகார்ப் புத்தகத்தை ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கேட்டு எழுதிவிட வேண்டும். அம்மாவுக்கு இரண்டு நாளில் மூச்சு சீரானது. கடைசி நாளில் சாவோ பென்டோ நிலையத்தின் நீல ஓடுகளுக்கு முன்னால் நின்று நிதானமாகப் பார்த்தார்.

சென்ற வாரம் அதே முன்பதிவுத் தளத்தில் தேடிப் பார்த்தேன். விடுதியின் பெயர் மாறியிருக்கிறது, வாடகை 58 யூரோ ஆகியிருக்கிறது. படம் மட்டும் அதேதான்: பச்சை வண்ணம் பூசிய மரக் கதவுள்ள ஜன்னல், பாதி திறந்து, வெளியே ஓட்டுக் கூரைகளும் ஆறும் தெரிய, உள்ளே மேசை மீது மஞ்சள் குவளையில் இரண்டு ஆரஞ்சுகள். அந்தப் படத்தைப் பார்த்தால் அங்கே பணம் கட்டாதீர்கள்.