அதே 2 லிட்டர், அதே நாலு சிலிண்டர்: எஸ்2000-ஆ, பாக்ஸ்டரா?

1999-ல் வந்த ஹோண்டா எஸ்2000, 2016-ல் வந்த போர்ஷே 718 பாக்ஸ்டர் (அடிப்படை மாடல்). ரெண்டு சீட், துணிக்கூரை, ரியர் வீல் டிரைவ், 2 லிட்டர் நாலு சிலிண்டர் இன்ஜின் என்று பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். எடையில் நூறு கிலோகூட வித்தியாசம் இல்லை.

ஆனால், ஐரோப்பிய எஸ்2000-ன் 208 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை) முழுசாகக் கிடைப்பது 7,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை). டர்போ வைத்த பாக்ஸ்டர் 380-ஐ 1,950-லேயே கொடுத்துவிடும். பவரில் 240-க்கு 300 பிஎஸ் (குதிரைசக்தி) என்பதைவிட இந்த டார்க் கணக்குதான் ரோட்டில் பேசும்.

எஸ்2000-ஐ மூவாயிரத்தில் ஓட்டினால் சாதுவான கார். 6,000-ஐ நெருங்கும்போது விடெக் (வால்வு திறக்கும் அளவை மாற்றும் ஹோண்டா அமைப்பு) வால்வை அதிகம் திறக்கும் பெரிய கேமுக்கு மாறும். சத்தமே வேறாகி, 9,000 வரை இழுத்துக்கொண்டே போகும். முந்த வேண்டுமென்றால் ரெண்டு கியர் இறக்கியே ஆக வேண்டும். கியர் லீவர் குட்டை, மணிக்கட்டை அசைத்தால் விழுந்துவிடும் என்பதால் அது தொல்லையாகத் தெரியாது. பாக்ஸ்டரில் மூன்றாவதில் போட்டு மிதித்தால் வேலை முடிந்தது. கியர் விகிதம்தான் ரொம்ப நீளம்: ரெண்டாவதிலேயே 100 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். சத்தமும் வறட்டுச் சத்தம், போர்ஷே விலைக்கு அது ஏமாற்றமே.

மழையில் பாக்ஸ்டர்தான், சந்தேகமே வேண்டாம். ஆரம்பகால எஸ்2000-ல் பின் சஸ்பென்ஷன் அமுங்கும்போது சக்கரத்தின் திசைக்கோணம் மாறும். வளைவின் நடுவில் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் சுழன்றுவிடும். 2004-ல் ஹோண்டா இதைத் திருத்தியது. அதற்கு முந்தைய வண்டி என்றால் டயருக்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

பழைய எஸ்2000 வாங்கப் போகிறவர்கள் இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்பக்கம் கரகரவென்று கேட்டால் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் போயிருக்கிறது, மாற்றிவிடலாம், பயமில்லை. பயப்பட வேண்டியது வேறு: அதிவேகத்தில் நாலாவது கியருக்குப் பதில் ரெண்டாவது விழுந்த வண்டி. 9,000-ஐத் தாண்டிச் சுழன்றதில் வால்வு ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ரிட்டெய்னர் விரிசல் விட்டிருக்கலாம். பிறகு எப்போது வேண்டுமானாலும் வால்வு உள்ளே விழும். இன்ஜின் மேலே உள்ள வால்வு கவரைத் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். திறந்த கையோடு வால்வு இடைவெளியையும் அளந்துவிடலாம்: இன்டேக் 0.21–0.25 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.25–0.29. ஆயில் குடிக்கும் இன்ஜின் இது, டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) அடிக்கடி பாருங்கள்.

பாக்ஸ்டரில் டிப்ஸ்டிக்கே கிடையாது, ஆயில் அளவைத் திரைதான் சொல்லும். நடுவில் புதைந்த இன்ஜினைக் கண்ணால் பார்ப்பதே கஷ்டம். வாங்கும்முன் முன்பம்பரின் காற்றுத் துவாரங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே சேரும் இலைக்குப்பை ஈரத்தோடு கிடந்து ஏசி கண்டென்சரை அரித்துவிடும். சுத்தம் செய்ய பம்பரைக் கழற்ற வேண்டும். அந்தக் கூலியையும் பேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.