நாற்பது நாளில் குதிரை தாவும் என்றார்

மாங்குளம், ஒட்டுசுட்டான், மல்லாவிப் பக்கங்களில், குதிரையைத் தடை தாவப் பழக்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் சுற்றித் திரிகிறார். குதிரை நிற்கும் வீடு எது என்று தேநீர்க் கடைகளில் விசாரித்துக்கொண்டு வருவார். வன்னியில் அப்படியான வீடுகள் எத்தனை இருக்கப்போகின்றன? சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார். என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தது போன வைகாசியில். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினாலும் அடுத்த ஊரில் வேறு பெயர்தான் சொல்வார்.

குதிரை என் மகளின் ஆசை. நுவரெலியாப் பக்கமிருந்து ஒரு தரகர் மூலம் வந்த ஆண்குட்டி. நாலரை வயது, ஏறி ஓட்டலாம் என்று சொல்லித்தான் தந்தார்கள். நான் மாட்டுவண்டிச் சவாரிக் குடும்பத்தில் பிறந்தவன். நாம்பனுக்கு நாணயக்கயிறு போட்டு நுகத்தில் பழக்கியவனுக்குக் குதிரை என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். மாடு வாங்கினால் பல்லைப் பார்க்காமல் ஒரு சதம் எடுத்துக் கொடுக்காத நான், இந்தக் குட்டியின் வாயைத் திறந்தே பார்க்கவில்லை. என் பங்கு முட்டாள்தனத்தையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

வந்தவர் தொலைபேசியில் ஒரு காணொளி காட்டினார். வெளிநாட்டு மைதானம், ஆள் உயரத் தடை, அதன்மேல் பறக்கிற குதிரை. "அண்ணை, நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம். நாற்பது நாளில் ஒரு மீற்றர் தாவ வைத்துத் தருகிறேன்" என்றார். காணொளியில் தலைக்கவசத்துக்குள் இருந்தது யார் என்று நான் கேட்கவில்லை. அறுபதாயிரம் ரூபாய் முற்பணம் எண்ணிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டும் கேட்கவில்லை.

இரண்டாம் நாளே வளவுக்குப் பின்னால் கிரவல் தரையில் இரண்டு கட்டைகளை நட்டு, முழங்கால் உயரத்தில் ஒரு பாலை மரத்தைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினார். மழை கண்டு மாதக்கணக்காகிவிட்டது. சோளகம் புழுதியை வாரி இறைக்கிறது. தரை கல்லாகிக் கிடக்கிறது. அதில்தான் நாளுக்கு முப்பது, நாற்பது தடவை. குட்டி தடைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டால் அடி. தாவ எழும்பும் நேரத்தில் கடிவாளத்தைப் பிடித்து இழுப்பார். "தலையைத் தூக்கினால்தான் கால் தூக்கும்" என்பது அவருடைய விஞ்ஞானம்.

மூன்றாம் கிழமை மகள் அழுதுகொண்டு வந்தாள். போய்ப் பார்த்தேன். தடை மரத்தின் மேல் கருக்குமட்டை கட்டியிருந்தது. பனங்கருக்கு எப்படி அறுக்கும் என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கால் பட்டால் கிழிக்கும், அடுத்த முறை உயர்த்தித் தாவும் என்று விளக்கம் தந்தார். தாவும் குதிரையின் காலில் வேண்டுமென்று தடியால் அடிக்கும் வழக்கம் பிறநாடுகளிலும் இருந்ததாம். சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் அதைத் தன் விதிகளிலேயே தடைசெய்திருக்கிறது. அது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று தெரிந்தது குட்டியின் முன்கால்களில் இருந்த இரத்தம் மட்டும்தான். அன்றே வெளியே போகச் சொன்னேன்.

மிருக வைத்தியர் வந்ததும் முதலில் வாயைத் திறந்தார். குதிரைக்கு முன்பல்லில் நடுச்சோடி இரண்டரை வயதளவில் விழுந்து முளைக்கும், அடுத்த சோடி மூன்றரையில், ஓரச்சோடி நாலரையில். எங்கள் குட்டிக்கு நடுச்சோடி மட்டுமே புதிது. மூன்று வயதுகூட ஆகவில்லை. முன்கால் முழங்காலுக்கு மேலே எலும்பு வளரும் இடம் இப்போதுதான் மூடுகிற பருவம். முதுகெலும்பு முற்ற ஐந்து, ஆறு வயதாகும் என்றார். இடது முன்காலில், முழங்காலுக்குக் கீழே உட்பக்கமாகச் சூடான ஒரு வீக்கம். கல்லுத் தரையில் இளங்குதிரைக்கு வருவதுதான். ஓய்வு தவிர வேறு மருந்து பெரிதாக இல்லை.

கொழும்பில் குதிரை பழக்கும் ஒரு பெண்மணியிடம் தொலைபேசியில் பேசினேன். நான் சொல்லி முடிக்குமுன்பே, "மரத்தைக் கட்டியா வைத்திருந்தார்?" என்று அதட்டினார். தாவப் பழக்கும் தடி, கால் பட்டால் உருண்டு விழவேண்டும். விழாத தடியில் கால் மாட்டினால் குதிரையே கவிழும், மேலே இருப்பவரையும் சேர்த்து. முதல் மாதங்களில் தடி தரையிலேயே கிடக்க வேண்டுமாம். ஆள் ஏறாமல், நீளக் கயிற்றில் நடத்தி, நடையில் தாண்டப் பழகிய பிறகு மெல்லோட்டம். அதற்குத் தடிகளுக்கிடையே ஏறக்குறைய 1.3 மீற்றர், குட்டையான உடலென்றால் இன்னும் குறைவு. காலடி ஒழுங்காக விழத் தொடங்கினால், இரண்டு தடிகளைப் பெருக்கல் குறிபோலச் சாய்த்து ஒரு சாண் உயரத் தடை. ஆளோடு தாவுவது நாலு வயதுக்குப் பிறகு, அதுவும் கிழமைக்கு ஓரிரு நாள், மணல் போன்ற மெத்தென்ற தரையில்.

கடிவாளத்தைப் பற்றி அவர் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. குதிரையின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் மூக்குக்கு நேர்முன்னே உள்ளது அதற்குத் தெரியாது. தடைக்கு மிக அருகில் வந்ததும், தூரத்தில் கண்டதை நம்பித்தான் எழும்புகிறது. கழுத்தை நீட்டிச் சமநிலை பிடிக்க வேண்டிய அந்த நொடியில் வாயை இழுத்தால், தாவுவது என்றால் வலி என்றுதான் அது படிக்கும்.

அந்த ஆளைத் தொலைபேசியில் பிடித்தேன். "உங்கள் குதிரைக்கு வீரம் காணாது அண்ணை" என்றார். மத்தியஸ்த சபைக்குப் போகலாம் என்றார்கள். எந்தப் பெயருக்கு எதிராகப் போவது? இப்போது அந்த எண்ணும் வேலை செய்வதில்லை. உங்கள் ஊருக்கு வந்தால், தரையில் தடிகளைப் போட்டுக் கொடுத்து, எத்தனை அடி இடைவெளியில் வைப்பீர்கள் என்று கேளுங்கள். எங்களிடம் இருந்த நாட்களில் ஒரு தடியைக்கூட அவர் தரையில் வைத்ததில்லை. பிள்ளைகள் ஏறும் குதிரையென்றால், அவரைப் படலைக்குள்ளேயே விட வேண்டாம்.

வீக்கம் வற்றிவிட்டது. மகள் வேலியோரமாகக் கயிற்றில் நடத்துகிறாள். காற்றுக்கு விழுந்த பனைமட்டை ஒன்று வழியில் கிடந்தால் போதும், குட்டி நின்றுவிடுகிறது. அவள் போய் அதை எடுத்து வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டு வரும்வரை அசைவதில்லை.