கார்பன் நானோகுழாயா, மாலிப்டினம் டைசல்ஃபைடா?

1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வலயம் தொடங்கியது முதல் சிலிக்கான் சில்லுகளைப் பொதிந்தும் சோதித்தும் வளர்ந்த மலேசிய ஊர் பினாங்கு. ஆகவே, சிலிக்கானுக்கு அடுத்தது எது என்பது நம் பொறியியல் மாணவர்களுக்கு வாழ்வாதாரக் கேள்வியும் ஆகும்.

சில்லுக்குள் மின் ஆளியாக வேலை செய்யும் டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கச் சிறிதாக்க, அது அணைந்திருக்கும்போதும் மின்சாரம் கசிகிறது. அதனுள் மின்சாரம் ஓடும் தடத்தை மெல்லியதாக்கிக் கசிவை அடக்க முயன்றால், சில நானோமீட்டருக்குக் கீழே சிலிக்கான் பரப்பின் மேடுபள்ளங்களே எலெக்ட்ரான்களின் ஓட்டத்தைக் கெடுத்துவிடுகின்றன. இயல்பிலேயே மெல்லிய இரு பொருள்கள் இவ்விடத்தில்தான் போட்டியிடுகின்றன.

ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் விட்டமுள்ள கார்பன் நானோகுழாயில் எலெக்ட்ரான்கள் அதிகம் சிதறாமல் ஓடுவதால், குறைந்த மின்னழுத்தமே போதும். சில்லு இயங்கும்போது செலவாகும் ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைச் சார்ந்திருப்பதால் இது பெரிய ஆதாயம். 2019-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 14,000-க்கும் மேற்பட்ட நானோகுழாய் டிரான்சிஸ்டர்களைக் கொண்டு 16 பிட் செயலி ஒன்றை உருவாக்கினர். ஆயினும், வளர்க்கப்படும் குழாய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று உலோகத் தன்மையுடன் அமைகிறது. அதை அணைக்கவே முடியாது. அத்தகைய குழாய்கள் சில எஞ்சியிருந்தாலும் பாதிப்புக் குறையும்படி சுற்றுகளை வடிவமைத்ததே அக்குழுவின் உண்மையான சாதனை என்பேன்.

மூன்று அணு அடுக்கே தடிப்புள்ள மாலிப்டினம் டைசல்ஃபைடின் வலிமை வேறு. எலெக்ட்ரான் கட்டிலிருந்து விடுபட்டு ஓடத் தேவையான ஆற்றல் இடைவெளி சிலிக்கானில் 1.1 எலெக்ட்ரான் வோல்ட்; இதன் ஒற்றைப் படலத்திலோ ஏறத்தாழ 1.8. எனவே கசிவு மிகக் குறைவு. 2025-இல் ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகம் இதனால் 5,900 டிரான்சிஸ்டர்கள் கொண்ட 32 பிட் செயலியை அறிவித்தது. ஆனால் இதில் எலெக்ட்ரான்களால் மின்சாரம் கடத்தும் வகை டிரான்சிஸ்டர் எளிது, எலெக்ட்ரான் இல்லாத வெற்றிடங்களான துளைகளால் கடத்தும் வகை கடினம். இரண்டும் இணைந்தால்தான் சிக்கனமான சுற்று அமையும் என்பதால், டங்ஸ்டன் டைசெலினைடு போன்ற துணைப்பொருள் தேவைப்படுகிறது.

அறை வெப்பநிலையில் மின்னோட்டத்தைப் பத்து மடங்கு குறைக்க, டிரான்சிஸ்டரைக் கட்டுப்படுத்தும் மின்னழுத்தத்தைக் குறைந்தது 60 மில்லிவோல்ட் மாற்ற வேண்டும் என்ற இயற்பியல் வரம்பை, வழக்கமான டிரான்சிஸ்டர் அமைப்பில், இவ்விரண்டும் தாண்டுவதில்லை. சிறிய அளவிலும் அவ்வரம்பை நெருங்க உதவுகின்றன, அவ்வளவே. விளம்பரங்களைப் படிப்போர் இதை மறக்கக்கூடாது.

பினாங்கை அடுத்துள்ள கூலிமில் தயாராகும் சிலிக்கான் கார்பைடு இப்போட்டியில் இல்லை. அது மின்மாற்றத்தில் இழப்பைக் குறைப்பது, கணக்கிடுவதற்கானது அன்று.

பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும் உணரிகளுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடையே தேர்வேன். இரவும் பகலும் இயங்கும் ஜொகூர் தரவு மையங்களுக்கு, உலோகக் குழாய்ச் சிக்கல் தீருமானால், நானோகுழாயே பொருத்தமானது. அங்கே கசிவைவிட இயக்கத்தில் செலவாகும் மின்சாரமே அதிகம்.