ஏர்பேக் லைட்டும் சீட்டுக்கடி மஞ்சள் பிளக்கும்

ஆறு ஏர்பேக் வண்டி எடுக்கலாமா என்று வடசென்னை தண்டையார்பேட்டை நண்பர் கேட்கிறார். கேட்ட நேரம் சரியில்லை. என் காரின் மீட்டரில் அந்த ஏர்பேக் சிவப்பு லைட் மூன்றாவது தடவையாக எரிந்து, சரிசெய்து வந்து நாலு நாள்தான் ஆகிறது.

லைட்டின் கணக்கு எளிது. சாவி போட்டதும் ஐந்தாறு விநாடி எரிந்து அணைந்தால் எல்லாம் நலம். அணையவில்லை என்றால் மோதும்போது ஏர்பேக் (காற்றுப்பை) விரியும் என்று நம்ப முடியாது. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம். வெடித்த பைக்குப் புதுசு போடாமல் யாரோ லைட்டைப் பிடுங்கிவிட்டு விற்றிருக்கலாம். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் பெயின்ட்டைத் தடவுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

மூன்று தடவையும் குற்றவாளி ஒன்றுதான்: முன் சீட்டுக்கடியில் இருக்கும் மஞ்சள் பிளக். சீட்டின் பக்கவாட்டுப் பைக்கு ஒயர் அதன் வழியாகத்தான் போகிறது. வியாசர்பாடி சுரங்கப்பாதைப் பக்கம் மழைத் தண்ணீரில் ஒருமுறை இறங்கி ஏறினால் போதும், கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள ஃபோம் வாரக்கணக்கில் ஈரம் காயாது. அதோடு காசிமேட்டு உப்புக்காற்று. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருக்கும் உலோக ஊசிகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். பையை விரிக்கத் தீப்பொறி தரும் பற்றவைப்பானின் மின்தடை சுமார் 2 ஓம்தான். ஏர்பேக்கை இயக்கும் கன்ட்ரோல் யூனிட் அதை ஓயாமல் சோதித்துக்கொண்டே இருக்கும். இந்தப் பச்சையால் சில ஓம் கூடினாலும் லைட்டைப் போட்டுவிடும். சீட்டுக்கடியில் உருளும் தண்ணீர் பாட்டிலும் குடையும் ஒயரை இழுப்பது தனி.

முதல் தடவை ஒரு சர்வீஸ் சென்டர் ஒயரிங்கையும் யூனிட்டையும் மாற்றச் சொல்லி ஐந்து இலக்கத்தில் எஸ்டிமேட் நீட்டியது. கடைசியில் தீர்த்தது கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயும் ஒரு கேபிள் டையும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, யூனிட்டின் கெப்பாசிட்டரில் சேர்ந்திருக்கும் மின்சாரம் வடிய மூன்று நிமிடமாவது காத்திருந்து (மேனுவலில் அதிகம் சொல்லியிருந்தால் அதுவே கணக்கு), லாக்கைத் தூக்கிப் பிளக்கை எடுத்து, ஸ்பிரே அடித்து, நன்றாகக் காயவிட்டு, 'டக்' என்று கேட்கும்வரை அழுத்த வேண்டும். பை பக்கத்து முனையில் மல்டிமீட்டர் வைக்கவே கூடாது, அந்தச் சிறு மின்சாரமே பற்றவைத்துவிடலாம். யூனிட்டில் பதிந்த பிழைக் குறியீட்டை (code) அழிக்க ஏர்பேக் யூனிட்டைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். ஆன்லைனில் கிடைக்கும் மலிவு டாங்கிள் (காரில் செருகும் குட்டி ஸ்கேனர்) பெரும்பாலும் இன்ஜின் குறியீடுகளோடு நின்றுவிடும். லைட்டோடு ஹாரனும் ஸ்டீயரிங் பட்டன்களும் சேர்ந்து போனால் சீட்டுக்கடியில் தேடாதீர்கள், ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங் என்ற ஒயர் நாடா அறுந்திருக்கும்.

சாமானைக் குறை சொல்ல முடியாது. மோதலில் வேகம் சட்டென்று குறைவதை யூனிட் அளந்து, பற்றவைத்து, வாயு நிரம்பி, பை விரிய சுமார் 30 மில்லிவிநாடி. கண் இமைக்கக்கூட அதைவிட அதிக நேரம் ஆகும். விரிந்த கையோடு பின்பக்க ஓட்டைகள் வழியாக வடியவும் தொடங்கிவிடும். ஆனால் அது பெல்ட்டுக்குத் துணை மட்டுமே. பெல்ட் போடாதவர் பிரேக்கிலேயே முன்னால் சரிந்திருப்பார், விரிகிற பை அவர் முகத்தில் குத்தாக இறங்கும். நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் 25 செ.மீ. இருக்கட்டும். பயணி பக்க டாஷ்போர்டில் பிள்ளையாரை ஒட்டாதீர்கள், பை விரிந்தால் அவர் நேரே முகத்துக்கு வருவார். பின்னோக்கிய குழந்தை சீட்டை முன்னால் வைப்பதும், குழந்தையை மடியில் வைப்பதும் கூடவே கூடாது. சீட் கவர் தைப்பவரிடம் பக்கவாட்டுப் பை வெளிவரும் ஓரத்தை மூடித் தைக்க வேண்டாம் என்று சொல்லி, நின்று பார்த்து வாங்குங்கள்.

எண்ணூர் விரைவுச்சாலையில் ஓட்டுபவர்களுக்குத் தனியாக ஒன்று. இருட்டில் நிற்கும் கண்டெய்னர் டிரெய்லரின் அடியில் கார் நுழைந்தால், பம்பரும் சேஸிஸும் ஒழுங்காக மோதவே செய்யாது, மோதுவது கண்ணாடியும் கூரையும்தான். சென்சார் அதைத் தாமதமாக உணரலாம், உணராமலும் போகலாம். ஆறு பை இருந்தாலும் இதுதான் கதி, அங்கே வேகம் குறைப்பது ஒன்றே வழி. பம்பரில் புல் கார்டு என்ற இரும்புக் கம்பிச் சட்டம் மாட்டினால் சென்சார் கணக்கு இன்னும் குழம்பும். 2017லேயே மத்திய அரசு அதைத் தடுக்கச் சொல்லியும் மாட்டித்தர ஆள் இருக்கிறார்கள்.

நண்பருக்குப் பதில்: இரண்டு பையோடு மலிவாக வருகிறதே என்று போகாதீர்கள், ஆறே எடுங்கள். என் கார் கம்பெனியின் வண்டியையா என்றால், இந்த மாசம் வேண்டாம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. தண்ணீர் முதலில் வந்து தேங்கும் பள்ளத்தில் பிளக்கை வைத்தவர் ஒரு மழைக்காலமாவது கொருக்குப்பேட்டையில் குடியிருந்திருக்க வேண்டும்.