பட்டாளத்திலிருந்து இயற்பியலுக்கு: அல்ட்ராசோனிக்கா, ரேடியோகிராஃபியா, மருத்துவமனையா?

பட்டாளத்தில் 15 வருடம் முடித்தவர்களுக்குத் தரும் பட்டத்துக்கு இணையான சான்றிதழை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். மத்திய அரசின் குரூப் சி வேலைகளில், தொழில்நுட்ப அனுபவம் கேட்காத பதவிகளுக்குத்தான் அது செல்லும். எம்.எஸ்சி. இயற்பியல் சேர்க்கையில் அதை நீட்டிப் பயனில்லை. எனவே உண்மையான பி.எஸ்சி. கையில் இருக்கிறதா, எந்த வயதில் வெளியே வருகிறீர்கள் என்ற இரண்டும்தான் அல்ட்ராசோனிக், ரேடியோகிராஃபி, மருத்துவ இயற்பியல் என்ற மூன்றில் எந்த வழி என்பதைத் தீர்மானிக்கும்.

37, 38 வயதில் பட்டம் இல்லாமல் திருவொற்றியூருக்கோ எண்ணூருக்கோ திரும்புகிறவருக்கு அல்ட்ராசோனிக் சோதனைதான் சரி: காதுக்குக் கேட்காத ஒலியை உலோகத்துக்குள் அனுப்பி, உள்ளே மறைந்திருக்கும் குறையைக் கண்டுபிடிக்கும் வேலை. மணலி சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையங்கள், காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளம் என்று வெல்டிங் நடக்கும் இடங்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. சோனாரிலோ ரேடாரிலோ உட்கார்ந்தவருக்குத் துடிப்பை அனுப்பி எதிரொலியைப் படிப்பது பழகிய வேலை. இங்கே ஊடகம் இரும்பு, அதிர்வெண் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ், அவ்வளவுதான்.

சோதனையாளர்களின் தகுதிக்கான எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ என்ற அமெரிக்கப் பரிந்துரைப்படி, முதல் படியான லெவல் 1-க்கு 40 மணி நேர வகுப்பு, லெவல் 2-க்கு மேலும் 40. அதோடு இந்தச் சோதனையிலேயே கைவேலை 210 மணியும், பிறகு 630 மணியும் வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். பயிற்சி மையத்தின் 'லெவல் 2' தாளை வாங்கியதும் எல்லாம் முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். இந்த முறையில் சான்றளிக்கும் பொறுப்பு வேலை கொடுக்கும் நிறுவனத்துடையது. நிறுவனம் மாறினால் புதிய நிறுவனம் மறுபடி சான்றளிக்க வேண்டும். வேலை பார்த்த மணிக்கணக்கைப் பதிந்த லாக் புக் இல்லாதவர் அப்போது வெறுங்கையோடு நிற்பார்.

கருவியில் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை வேக அமைப்பு. ஒலியை அனுப்பி வாங்கும் தலைதான் புரோப். நேர் புரோப் எஃகில் அனுப்பும் அலை நொடிக்கு சுமார் 5,920 மீட்டர் போகும். சாய்வாக அனுப்பும் கோண புரோபின் குறுக்கலை 3,230 மீட்டர்தான். மாற்ற மறந்தால் 20 மி.மீ. பாதை திரையில் 37 மி.மீ. ஆகும். குறை வெல்டுக்கு வெளியே இருப்பதாகக் காட்டும். நல்ல இடத்தை வெட்டுவார்கள், கெட்ட இடம் உள்ளேயே இருக்கும். ஷிஃப்ட் தொடங்கும்போதும் புரோப் மாற்றும்போதும் அளவு தெரிந்த எஃகுத் துண்டான வி1 பிளாக்கில் சரிபார்ப்பதைத் தவறவிடக் கூடாது.

கதிரியக்க மூலத்தின் கதிரால் வெல்டைப் படம் எடுக்கும் ரேடியோகிராஃபிக்கும் அதே ஆலைகள்தான், ஆனால் விலை வேறு. 50 கியூரி இரிடியம்-192 மூலத்துக்கு 1 மீட்டர் தூரத்தில் மணிக்கு சுமார் 250 மில்லிசீவெர்ட் கதிர்வீச்சு உடலில் படும். பணியாளருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 5 வருட சராசரியாக ஆண்டுக்கு 20. எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. அதாவது ஒரு வருடச் சராசரியான அந்த 20, 5 நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். கேபிளைச் சுற்றி மூலத்தை உள்ளே இழுத்த பிறகு, கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரைக் கையில் பிடிக்காமல், கேமரா எனப்படும் மூலப் பெட்டியை நெருங்குவதுதான் விபத்தின் வாசல். மூலம் குழாயிலேயே சிக்கியிருக்கலாம். 74 நாளில் அதன் வலிமை பாதியாகும், எக்ஸ்போஷர் நேரம் இரட்டிப்பாகும். ஆட்களை அப்புறப்படுத்தித்தான் படம் எடுக்க முடியும் என்பதால் பெரும்பாலும் ராத்திரி வேலை. வெடிமருந்துக் கிடங்கில் ஒழுங்கு பழகியவர்கள் இதில் நன்றாக வருவார்கள். ஆனாலும் அல்ட்ராசோனிக்கை முதலில் கற்று, இதை இரண்டாவது கையாக வைத்துக்கொள்வதே நல்லது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்ற பயிற்சியும் உடலில் படும் கதிர்வீச்சைப் பதியும் டி.எல்.டி. பேட்ஜும் இல்லாமல் மூலத்தைத் தொடவே கூடாது.

புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சையில் அளவைச் சரிபார்க்கும் மருத்துவ இயற்பியல், 4 வருடச் சேவை முடித்து 21 முதல் 25 வயதுக்குள் வெளியே வரும் அக்னிவீரர்களுக்கான வழி. முன்னாள் படைவீரர் தகுதி அவர்களுக்குக் கிடையாது. அந்த ஒதுக்கீட்டை நம்பித் திட்டம் போட வேண்டாம். வெளியே வரும்போது மொத்தமாகக் கையில் வரும் சேவா நிதி படிப்புச் செலவைத் தாங்கும். வியாசர்பாடியிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ பி.எஸ்சி. இயற்பியல் 3 வருடம், எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் 2 வருடம், கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் இன்டர்ன்ஷிப் 12 மாதம்: மொத்தம் 6. அண்ணா பல்கலைக்கழகத்தில் இந்த எம்.எஸ்சி. இருக்கிறது, விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் மாறாமல் சைதாப்பேட்டையில் இறங்கலாம்.

வேலை துல்லியமானது. சிகிச்சை இயந்திரம் வெளியிடும் கதிர்வீச்சு, தினசரி சோதனையில் குறித்த அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. காற்று நிரம்பிய கதிர்வீச்சு அளவியான திறந்த அயனி அறையில் அளக்கும்போது காற்றின் வெப்பத்துக்கான திருத்தம் 3 டிகிரிக்கு 1 சதவீதம். 20 டிகிரிக்கு அளவீடு செய்ததை 26 டிகிரி அறையில் திருத்தாமல் படித்தால் 2 சதவீதம் அப்படியே பிழை, அதுவும் நோயாளியின் உடம்பில்.

38 வயதுக்காரர் இதைத் தொடங்கினால் முடிக்கும்போது 44. பென்ஷன் இருந்தாலும் குடும்பத்துக்கு அது நீண்ட காத்திருப்பு. அவர் சோதனை வேலையில் சேர்ந்துகொண்டே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. படிக்கலாம், படிப்பு கூடினால் லெவல் 3-க்குத் தேவையான அனுபவ காலம் குறையும். பள்ளி ஆசிரியர் வேலைக்கு அதன்மேல் பி.எட். 2 வருடமும் தகுதித் தேர்வும் வேண்டும்.

எந்த வழியானாலும் ரிலீஸ் ஆவதற்கு முன்பே, எந்தக் கருவியில் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தீர்கள் என்று யூனிட்டில் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். டிஸ்சார்ஜ் புக்கில் ட்ரேடின் பெயர்தான் இருக்கும், மணிக்கணக்கு இருக்காது.